கோழி மார்க் சாடின், 425 கிராம்

போன மாதம் மலேசியாவில், கிள்ளானில் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பக்கத்துப் பேரங்காடியில், டின் மீன் அடுக்கியிருக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தள்ளுவண்டியில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். வெவ்வேறு நிறத்தில் இரண்டு டின்னை எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "அக்கா, சாடின் எது வாங்கலாம்? நான் செஞ்சதே இல்ல. வீட்டுக்காரரு அவங்க அம்மா செய்ற மாதிரி வேணும்னு கேக்குறாரு" என்றார். கோழிப் படம் போட்ட டின்னைக் காட்டி, "இத வாங்குங்க தங்கச்சி, வெங்காயம் மட்டும் நிறைய போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு மனம் அடங்கவில்லை. ஐம்பது வருடமாக அந்த டின் என் கூடவே வந்திருக்கிறது. அதைப் பற்றி ஒருவர் கேட்டு, ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வந்தது குறையாக இருந்தது. சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொருள். கோழிப் படம் போட்ட ஆயாம் பிராண்ட் சாடின் மீன், தக்காளிக் குழம்பில், பெரிய டின். 155 கிராமிலும் 230 கிராமிலும் சின்ன டின்கள் உண்டு. தனியாக இருப்பவர்களுக்கும் ரொட்டிக்குள் வைப்பதற்கும் அவை சரி. குடும்பத்துக்குப் பெரியதுதான். கடைசியாக நான் வாங்கியபோது பத்து மலேசிய வெள்ளியை ஒட்டி இருந்தது. அந்தக் காசுக்குச் சந்தையில் ஒருவேளைக் குழம்புக்கான கெம்போங் மீன் வாங்கலாம். ஆகவே மலிவுக்காக வாங்குகிறேன் என்று என்னால் சொல்ல முடியாது. பிடிக்கும் என்பதால் வாங்குகிறேன்.

மூடியைத் தூக்கினதும் எண்ணெய் மினுங்கும் சிவப்புக் குழம்பு தெரியும். அதற்குள் தலையும் வாலும் நறுக்கிய மீன்கள் நெருக்கியடித்து நிற்கும். போன ஞாயிறு நான் திறந்ததில் நான்கு துண்டு இருந்தது. ஒன்றை அகப்பையால் மெதுவாக எடுத்துத் தட்டில் படுக்கவைத்தேன். தோலின் வெள்ளிப் பளபளப்பு அப்படியே இருந்தது. முதுகில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் புத்தகம் விரிவது போல இரண்டாகப் பிரியும். நடுவில் முள், சாக்கட்டி நிறத்தில், வரிசை கலையாமல் கிடக்கும். அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினாலே நொறுங்கிக் கரைந்துவிடும். சின்ன வயதில் நாங்கள் நாலு பிள்ளைகளும் சதைக்காகச் சண்டை போட்டதே இல்லை, இந்த முள்ளுக்காகத்தான் போட்டோம். மீனை டின்னில் அடைத்து மூடியை இறுக்கிய பிறகு, டின்னோடு சேர்த்து நூறு டிகிரிக்கு மேல், நீராவி அழுத்தத்தில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். முள் மெத்தென்று ஆவது அந்தச் சூட்டில்தான். உள்ளே இருக்கும் கிருமி சாவதும் அதே சூட்டில்தான். டின் மீன் வருடக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அதற்கு மேல் மருந்து எதுவும் வேண்டியதில்லை. "டின்னில் கெமிக்கல் கலக்கிறார்கள்" என்று என்னிடம் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். சூடும் காற்றுப் புகாத மூடியும்தான் அந்தக் கெமிக்கல்.

மீன் டின்னில் கோழி எதற்கு என்று கேட்காத பிள்ளை நாங்கள் இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில் கிடையாது. விவரம் எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. 1892 இல் ஆல்ஃபிரட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி தொடங்கினார். சேவல் பிரான்சு நாட்டின் சின்னம். அதைத் தன் சரக்குக்கு முத்திரையாகப் போட்டார். குளூவே என்ற பெயர் ஊர் மக்கள் வாயில் நுழையவில்லை. படத்தைப் பார்த்து 'சாப் ஆயாம்' என்று கேட்டு வாங்கினார்கள். மலாயில் ஆயாம் என்றால் கோழி, சாப் என்றால் முத்திரை. கடைசியில் ஜனங்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் பாட்டிக்குத் தமிழும் படிக்க வராது, மலாயும் வராது. கோழியைப் பார்த்துத்தான் வாங்குவார். படம் கீறியிருந்தாலோ மங்கியிருந்தாலோ கடை முதலாளி தவுக்கேயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு டின் கேட்பார். பாட்டிக்கு அந்தச் சேவல்தான் எழுத்து.

நான் பிறந்தது 1971 இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். 2007 இல் அந்த ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் எல்லாம் இருட்டிலேயே நடக்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, எங்களுக்குக் கட்டிவைத்துவிட்டு, ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்பார். வெட்டி முடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றி எடை போட்டுவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். சட்டை முழுக்கப் பால் தெறித்துக் காய்ந்து ரப்பராக ஒட்டியிருக்கும். அந்த வாடை குளித்தாலும் போகாது. வந்த கையோடு துணி, தண்ணீர், விறகு. மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வரும் நாளென்றால் வேலை இன்னும் கூடும். குழாயடியில் குந்தி உட்கார்ந்து செதில் தேய்க்க வேண்டும், குடல் எடுக்க வேண்டும், நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும் பூனைகளை விரட்ட வேண்டும். நல்ல மீன் குழம்பு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரும்போது விளக்கு வைக்கும் நேரமாகியிருக்கும்.

சாடின் வந்தது பெரும்பாலும் மழைக்காலத்தில். நவம்பர், டிசம்பரில் மரப்பட்டை நனைந்து கிடக்கும். பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் இல்லை. சேற்றுப் பாதையில் மீன்காரர் மோட்டாரும் வராது. அப்போது தவுக்கே கடைக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். உள்ளங்கை அகலத்தில், அட்டையில் 555 என்று அச்சடித்த நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். தவுக்கே டின்னை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டு, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அந்த நோட்டில் ஒரு வரி எழுதுவார். சம்பள நாளன்று அப்பா போய் அடைப்பார். மழையில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு, டின்னை வயிற்றோடு அணைத்தபடி ஓடி வருவேன். அந்தத் தகரத்தின் ஜில்லிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது.

சாடின் என்றதும் எனக்கு முதலில் வருவது அதன் ருசிகூட இல்லை. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. டின் மீனுக்குச் செதில் இல்லை, குடல் இல்லை. வெங்காயம் அரிந்து தாளித்துக் கொட்டினால் கால் மணி நேரத்தில் இறக்கிவிடலாம். மீதி சாயங்காலம் முழுவதும் அம்மாவுக்குச் சொந்தம். லயத்து வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, மழை ஓட்டிலிருந்து ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்காருவார். அம்மா என் தலையை மடியில் இழுத்து வைத்துப் பேன் பார்ப்பார். வேறு எந்த நாளிலும் என் தலை அவ்வளவு நேரம் அந்த மடியில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

டின் திறப்பான் எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா டின்னைச் சிமெண்டுத் தரையில் வைத்து, பழைய கத்தியின் முனையை மூடி ஓரத்தில் ஊன்றி, அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டுவார். பொத்துக்கொண்டு சிவப்பாக ஒரு துளி வெளியே வரும். கத்தியைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு தட்டு. இப்படியே சுற்றிவந்தால் மூடி பல்லுப் பல்லாகக் கிழிந்து நிற்கும். பால் வெட்டும் கத்தியை மட்டும் அம்மா தொடவிட மாட்டார். "அது சோறு போடுற கத்தி, அதுல டின்னு கிழிக்கக் கூடாது" என்பார். ஒருமுறை அண்ணன் அவசரத்தில் அந்த மூடியை விரலால் மடக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டான். தோட்டத்து மருத்துவ உதவியாளர் டிரஸ்ஸர் மூன்று தையல் போட்டார். பிற்பாடு படித்தேன்: உணவை அடைத்து வேகவைத்துப் பாதுகாக்கலாம் என்று காட்டி, நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கியது 1810 இல். அவர் அடைத்தது கண்ணாடிப் புட்டியில். தகர டின்னுக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கியதும் அதே வருடம். ஆனால் டின் திறப்பான் வந்தது 1850-களில்தான். நாற்பது வருடத்துக்கு மேல் உலகம் உளியும் சுத்தியலும் வைத்துத்தான் டின் உடைத்திருக்கிறது. அதைப் படித்தபோது அப்பாவின் கத்தியும் குழவியும் கண்முன் வந்து நின்றன. இப்போது பல டின்களில் வளையம் வைத்திருக்கிறார்கள், விரலை மாட்டி இழுத்தால் போதும். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு வளைய டின்னாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். மூடியின் ஓரம் அப்போதும் கூர்தான்; கவனம்.

சரி, சமையலுக்கு வருகிறேன். அந்தத் தங்கச்சிக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். டின்னில் வருவதை அப்படியே சூடு பண்ணினால் அது சாடின் சம்பால் ஆகாது. தக்காளிக் குழம்பின் இனிப்பு முன்னால் வந்து நிற்கும். அதைப் பின்னால் தள்ளுவதுதான் வேலை. மீனைத் தனியாக ஒரு தட்டில் எடுத்துவையுங்கள், குழம்பு வேறு கிண்ணத்தில். சட்டியில் எண்ணெய் தாராளமாக ஊற்றிக் கடுகு, வெந்தயம் கொஞ்சம், கறிவேப்பிலை ஒரு கொத்து. பெரிய வெங்காயம் இரண்டு, முடிந்தால் மூன்று, நீளமாக அரிந்து போட்டு, ஓரம் சிவக்கும்வரை விடாமல் வதக்குங்கள். இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் "சாடின் எனக்குப் பிடிக்காது" என்கிறார்கள். பிறகு பூண்டு, கீறிய பச்சை மிளகாய், அரைத்த காய்ந்த மிளகாய். மிளகாய்ப் பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, டின் குழம்பையும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். மீனைப் போடுவது கடைசியில். போட்ட பிறகு கரண்டியை உள்ளே விடக் கூடாது. சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், குழம்பு தானாக மீன்மேல் ஏறும். உப்பு போட வேண்டாம், டின்னிலேயே இருக்கிறது.

இன்னொன்று. காலியான டின்னில் ஒட்டியிருக்கும் குழம்பை விட்டுவிடாதீர்கள். கால் டின் தண்ணீர் ஊற்றி, கையால் மூடிக் குலுக்கி, அதையும் சட்டியில் ஊற்ற வேண்டும். "பாப்பா, டின்ன அலசி ஊத்து, அதுலதான் ருசி இருக்கு" என்று அம்மா சொல்லாத நாளே இல்லை. நாலு பிள்ளைகள், அப்பா, பாட்டி, அம்மா, ஆக ஏழு பேருக்கு ஒரு டின். அந்த அலசல் தண்ணீர்தான் குழம்பைச் சோற்றுக்குக் காணவைத்தது. இப்போது எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். இருந்தாலும் அலசி ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி என் மனசை உறுத்துகிற விஷயம். நான் அரசாங்க கிளினிக்கில் தாதி. முப்பது வருடமாக இரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, "ஐயா, டின் சாப்பாடு குறைங்க, ஊறுகாய் குறைங்க, கருவாடு குறைங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்வது சரிதான். டின் மீன் எதுவானாலும் உப்பு உண்டு. அழுத்தம் இருப்பவர்களுக்கு அது நல்லதில்லை. யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கி வருகிறவர்கள் சாடினைத் தொடாமல் இருப்பதே மேல். இதையெல்லாம் பகலில் சொல்லிவிட்டு, சாயங்காலம் களைத்து வந்து நானே டின்னைத் திறக்கும்போது, காலையில் பார்த்த முகங்கள் நினைவுக்கு வரும். பல வருடம் டின்களை அரிசித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மாமியார் வந்தால் ஒரு டின்கூட அவர் கண்ணில் படாது. வேலைக்குப் போகிற மருமகள் சமைக்காமல் டின் கொட்டிப் போடுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பேச்சு என் தலைக்குள்ளேயேதான் ஓடியது.

அதை விட்டொழித்தது எப்போது என்று யோசித்தால், மகள் பிறந்து நான் மறுபடி வேலைக்குப் போன வருடம். இரவுப் பணி முடிந்து வந்து, சாடின் வைத்து, சோற்றில் பிசைந்து ஊட்டிவிட்டு, பின்வாசலில் உட்கார்ந்தபோது கால் தானாக நீண்டது. அம்மா உட்கார்ந்தது போலவே. வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு ஒரு சாயங்காலம் மிச்சமாகிறது என்றால் அதை ஒளித்து வைக்கத் தேவையில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். டின்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. அளவு வைத்துக்கொண்டேன்: இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, கூடவே கீரையோ வெள்ளரிக்காயோ கட்டாயம். அழுத்தம் உள்ளவர்களிடம் இப்போதும் குறையுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆசையாக இருக்கிறது என்று யாராவது தயங்கிச் சொன்னால், டின் குழம்பை வடித்துவிட்டு, மீனை மட்டும் எடுத்து, வீட்டுத் தக்காளியில் உப்பில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மீனின் நல்ல கொழுப்பும் முள்ளின் சுண்ணாம்புச் சத்தும் அப்போதும் கிடைக்கும்.

மலிவு டின்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா டின்னும் ஒன்றுதான் என்று நினைத்து, பாதி விலைக்குக் கிடைத்த ஒன்றை ஒரு தடவை ஆறு டின் வாங்கினேன். பெயர் வேண்டாம். திறந்தால் குழம்பு தண்ணீராக ஓடியது. மீன் வயிறு வெடித்துத் தூளாகிக் கிடந்தது. குடல் சரியாக எடுக்காததால் ஒரு கசப்பு. புளியும் மிளகாயும் எவ்வளவு போட்டும் அடங்கவில்லை. டின்னின் விலை உள்ளே இருக்கும் மீனின் அளவிலும் அதைச் சுத்தம் செய்த கையிலும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. எந்த டின்னானாலும் வாங்கும்போது அடியிலும் மூடியிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தால், அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போய் வந்தால், எடுக்கவே கூடாது. மடிப்புத் தையல் இருக்கும் ஓரத்தில் நசுங்கியிருந்தாலும் வேண்டாம். மூக்கால் முகர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டின்னில் வளரும் விஷக் கிருமிக்கு வாடை இருக்க வேண்டிய அவசியமில்லை. இதைத் தாதியாகவே சொல்கிறேன்.

நாடே இந்த டின்னைத் தேடி ஓடிய நாள் ஒன்று உண்டு. 2020 மார்ச் 18 இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முந்திய இரண்டு நாளில் பேரங்காடிகளில் கூட்டம் தாங்கவில்லை. பணி முடிந்து நான் போனபோது இந்த வரிசை மொத்தமும் காலி. காளான் டின் மட்டும் கொஞ்சம் கிடந்தது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் பயம் வந்தபோது ஒரே டின்னைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எனக்கு வருத்தத்தைவிட ஒரு நெருக்கம்தான் வந்தது. எல்லார் வீட்டிலும் ஒரு மழைக்காலம் இருந்திருக்கிறது.

அடுத்த வருடம் டிசம்பர் 18 வெள்ளத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் தங்கை வீடு மூழ்கியது. தண்ணீர் வடிந்து நாங்கள் சுத்தம் பண்ணப் போனபோது, அலமாரி கவிழ்ந்து சேற்றுக்குள் டின்கள் கிடந்தன. வளையம் வைத்தவற்றை எறிந்துவிட்டோம், அந்த மூடிச் சந்தில் அழுக்குத் தண்ணீர் புகுந்திருக்கலாம். நசுங்காத மற்றவற்றைக் காகிதம் உரித்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, குளோரின் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் அடுக்கினோம். எல்லாம் மொட்டையாக ஒரே மாதிரி நின்றன. எது சாடின், எது லைச்சிப் பழம் என்று தெரியவில்லை. தீபாவளிக்கு விருந்தாளிகளுக்கென்று வாங்கிய லைச்சி டின்கள் மிச்சம் இருந்தன. தங்கை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். தளதளவென்று ஆடினால் லைச்சி, கனத்து அசையாமல் இருந்தால் சாடின். வீடு இழந்து மூன்று நாளாகப் பேசாமல் இருந்தவள், அந்த டின்னைக் குலுக்கும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

டின் என்றால் எனக்கு இன்னொன்றும் நினைவு வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டிப்பால் டின். அதுதான் எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் படி. அந்தக் காலத்தில் கோப்பிக் கடையில் கட்டிக் கொடுத்த கோப்பியும் அந்தக் காலி டின்னில்தான் வந்தது, ஓட்டை போட்டு ராஃபியா கயிறு கட்டி. ரொட்டித் துண்டின்மேல் கெட்டிப்பாலைக் கோலம் மாதிரி இழுத்துச் சாப்பிடுவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. அதை விட முடிந்தது. சாடினை விட முடியவில்லை.

வெளியில் சாப்பிடுவதென்றால் ஒட்டுக்கடையில் ரொட்டி சாடின் கேட்டுப் பாருங்கள். மாவை வீசி விரித்து, மசித்த மீனும் வெங்காயமும் முட்டையும் வைத்து மடித்துப் போடுவார்கள். நல்ல கைக்காரர் போட்டால் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். சாடின் அடைத்த கரிப்பாப் பலகாரம் எனக்கு உருளைக்கிழங்குக் கரிப்பாப்பைவிடப் பிடிக்கும், ஆனால் சூடாக இருக்கும்போது மட்டும். ஆறினால் எண்ணெய் மேலே வந்துவிடும். பள்ளிச் சுற்றுலாவுக்கு அம்மா கட்டிக் கொடுத்த சாடின் ரொட்டியில் பச்சை வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் மட்டும்தான். மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் போனபோது நான் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். அவளுக்கு மாதம் நாலு சின்ன டின் அனுப்புகிறேன்.

மறுபடி அந்தத் தங்கச்சியிடமே வருகிறேன். "அவங்க அம்மா செய்ற மாதிரி" என்று வீட்டுக்காரர் கேட்கிறார் என்றீர்களே. மேலே சொன்னபடி வைத்தும் அவர் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்கு, ஆனா அது இல்ல என்று சொல்லலாம். மனம் தளர வேண்டாம். இரவுக் குழம்பில் இரண்டு துண்டு மீனை மிச்சம் பிடியுங்கள். டின்னில் வைக்காதீர்கள், கிண்ணத்தில் எடுத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரே இரவில் புளி மீனுக்குள் இறங்கிவிடும், இனிப்பு அடங்கிவிடும், குழம்பு சுண்டி மசாலாவாக ஒட்டிக்கொள்ளும். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கி, பசியாற ரொட்டியோடு கொடுங்கள். தோட்டத்தில் பிறந்தவர் என்றால், பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அவர் அம்மா கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டது பெரும்பாலும் அந்த இரண்டாம் நாள் சாடினாகத்தான் இருக்கும்.